சைக்கிள் பாதை நம் குடியிருப்பு வாசலில் தொடங்கட்டும்

பிளஸ் 1 பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானத்தில் விலையில்லா மிதிவண்டி வழங்கும் நாள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் ஏறி மிதிக்கிறார்கள். இந்தத் திட்டம் முதலில் யாருக்காக வந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்காகத்தான் தமிழக அரசு இதைத் தொடங்கியது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் நம் பெண் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளி வரை போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். சில ஆண்டுகளில் அது எல்லாச் சமூகத்து மாணவ மாணவியருக்கும் விரிந்தது. நம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு திட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டதில் நமக்குப் பெருமைதான்.

சைக்கிள் வந்துவிட்டது. அதை ஓட்டிச் செல்லும் வழி வந்ததா? ஈரோடு மாவட்டத்தில் எத்தனையோ குடியிருப்புகளில் இருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், செங்கல் லாரிக்கும் மில் பேருந்துக்கும் ஒதுங்கி, சாலையோர மண்ணில் சறுக்கிக்கொண்டுதான் மிதிக்கிறார்கள். மாலையில் இருட்டிவிட்டால் தெருவிளக்கு இல்லாத அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு அஞ்சியே சைக்கிளை வீட்டுத் திண்ணையில் சாத்திவிடும் பெண் பிள்ளைகள் உண்டு.

நகரங்களில் இப்போது 'பசுமைப் பாதை' என்ற பேச்சு அதிகம் கேட்கிறது. நீர்நிலைக் கரையில் மரங்களுக்கு நடுவே, மோட்டார் வண்டிகள் நுழையாத, நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் மட்டுமான பாதை அது. 2018 ஜனவரியில் சீர்மிகு நகரத் திட்டத்தில் ஈரோடு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் பெரும்பள்ளம் ஓடையைச் சீரமைக்கும் பணி கையில் எடுக்கப்பட்டது. சாக்கடையாகிப்போன ஓடையைத் தூய்மையாக்கி, அதன் கரையை மக்கள் நடக்கவும் இளைப்பாறவும் ஏற்றதாக மாற்றும் எண்ணம் நல்லது. காலிங்கராயன் வாய்க்கால் கரையிலும் இப்படி ஒரு பாதை வந்தால் வரவேற்போம். அது எங்கே தொடங்கும், எங்கே போய் முடியும், யாருடைய வாசலைத் தொடும் என்பதே நம் கேள்வி.

சட்டத்தில் ஏறிய சைக்கிள்

தலித் செய்திகளைப் பேசும் பகுதியில் சைக்கிள் பாதைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பாதை என்பதே நம் போராட்டத்தின் முதல் அத்தியாயம். 1924-ல் சென்னை சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் நடமாடுவதைத் தடுக்கக் கூடாது என்றது அது. கோவையைச் சேர்ந்த ஆர். வீரையனும் அந்த அவையில் இருந்து நம் மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தவர். அதே 1924-ல் கேரளத்தின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. நம் ஈரோட்டில் இருந்து போன பெரியார் அங்கே சிறைப்பட்டார். அந்தப் போராட்டம் கோயிலுக்குள் நுழைய நடந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தெருவில் நடப்பதற்காக நடந்த போராட்டம்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையையும் சேர்த்தே சொல்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் எந்தச் சாலையிலும் சாதி காரணமாக யாரையும் தடுக்க முடியாது. ஆனாலும் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது சைக்கிளில் இருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற எழுதாத சட்டம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நீடித்தது. நம் அப்பாக்களும் தாத்தாக்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்த தெருக்கள் எவை என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதனால்தான் சைக்கிள் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே ஏற வேண்டியதாயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1)(za) பிரிவு, பட்டியல் சமூகத்தவர் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து, சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்காதே என்று எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்! அந்த நிலைமை முழுதாகப் போய்விடவும் இல்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிச் சென்ற தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டதாக வழக்குப் பதிவானது. சக்கரத்தின் மேல் உட்காரும் உரிமை இன்றும் ரத்தம் சிந்தும் விஷயமாகவே இருக்கிறது.

மிதிப்பவர் யார்?

சைக்கிள் பாதை என்றதும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கியர் சைக்கிளில் அதிகாலை உடற்பயிற்சிக்குச் செல்பவரின் படமே திட்டம் போடுவோர் மனதில் வருகிறது. அவர்கள் ஓட்டுவதும் நல்லதுதான். ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைக்குச் செல்வோரில் நாடு முழுவதும் சுமார் 13 சதவீதத்தினர் சைக்கிளில் போனார்கள். அதைவிடக் கூடுதலானோர் நடந்தே போனார்கள். உடற்பயிற்சிக்காக அவர்கள் நடக்கவில்லை. வேறு வழி இல்லாததால் நடந்தார்கள்.

ஈரோட்டை எடுத்துக்கொள்வோம். விடியும் முன்பே தெரு கூட்டப் போகும் தூய்மைப் பணியாளர், சாயப்பட்டறைக்கும் தோல் ஷாப்புக்கும் போகும் தொழிலாளி, மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர், விசைத்தறிக் குடோனில் இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புபவர் என இவர்களில் அருந்ததியரும் ஆதிதிராவிடரும் கணிசம். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021-ல் வந்தது பெரிய உதவி. ஆனால், முதல் பேருந்து வருவதற்குள் வேலைக்குப் போய்ச் சேர வேண்டியவர்களும் கடைசிப் பேருந்து போன பிறகு வீடு திரும்புபவர்களும் இருக்கிறார்கள். மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சமூகத்தினர் 2011 கணக்குப்படி சுமார் 16 சதவீதம். பாதையின் தேவையில் அவர்களின் பங்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

நம்மிடம் இருந்த பசுமைப் பாதை

பசுமைப் பாதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். கொங்கு நாட்டில் அதற்குப் பெயரே உண்டு: இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் வேலியாக நிற்க, அதில் கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்திருக்க, காட்டுக்கும் தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே ஓடிய வண்டித்தடம் அது. கீரி, ஓணான், கவுதாரி, காடை எல்லாம் அந்த வேலியில் வாழ்ந்தன. வெயில் காலத்திலும் நிழல் இருந்தது.

இட்டேரிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஊர்த்தெரு வழியாக நிமிர்ந்து போக முடியாத நம் மக்கள் பண்ணையத்துக்கும் சந்தைக்கும் சுடுகாட்டுக்கும் இட்டேரி வழியாகத்தான் போனார்கள். ஒதுக்கப்பட்டதால் கிடைத்த வழி என்றாலும், அது பொது வழி. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் பல இட்டேரிகள் வண்டிப்பாதை என்ற பெயரில் இன்றும் கோடாக இருக்கின்றன. நேரில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் அந்தக் கோட்டைக் காணோம். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியை ஓர் அடி, இரண்டு அடி எனத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் இருபதடி வழி ஒற்றையடித் தடமாகிவிட்டது. சில இடங்களில் கிளுவை வேலி போய்க் கம்பி வேலி வந்துவிட்டது. சில இடங்களில் சுவரே எழுந்துவிட்டது. வழி போனதும் குடியிருப்பில் இருந்து பள்ளிக்கு அரை கிலோமீட்டரில் போன பிள்ளை, மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. பிணத்தை எடுத்துச் செல்ல வழியில்லை என்ற மனுக்கள் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு வருவதன் வேர்களில் ஒன்று இந்தக் காணாமல் போன பாதைகள்தான்.

ஆகவே நாம் கேட்பது புதிய சலுகை அல்ல. வரைபடத்தில் உள்ள இட்டேரிகளை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, இரு ஓரமும் மீண்டும் கிளுவை நட்டு, நடுவே சைக்கிளும் நடையும் போக இரண்டு மீட்டர் கிராவல் தடம் போட்டாலே மாவட்டம் முழுவதும் பசுமைப் பாதை வலை பின்னிவிடலாம். நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. அது ஏற்கெனவே பொது நிலம்.

கோவை தரும் எச்சரிக்கை

பக்கத்தில் கோவையைப் பார்ப்போம். சீர்மிகு நகரத் திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம் உள்ளிட்ட குளங்களின் கரைகள் அழகுபடுத்தப்பட்டன. நடைபாதையும் சைக்கிள் தடமும் விளக்குகளும் வந்தன. மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். ஆனால், அதே கரைகளில் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள், அவர்களில் தலித் மக்கள் கணிசமானோர், வீடுகள் இடிக்கப்பட்டுக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கீரணத்தத்தில் இருந்து நகரத்துக்குள் தூய்மைப் பணிக்கு வர பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஆகும். முன்பு நடந்தே வேலைக்குப் போனவர் இப்போது இரண்டு பேருந்து மாறுகிறார். குளக்கரையில் சைக்கிள் தடம் வந்தது. அங்கே சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள் அதற்குள் அங்கே இல்லை.

நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கரையில் குடிசை போட்டவர்கள் விரும்பி அங்கே போனவர்கள் அல்ல. ஊருக்குள் இடம் தராததால் ஓடைக்கரையிலும் சுடுகாட்டோரத்திலும் தங்கினார்கள். நகரத்துக்குப் பாதை தேவைப்படும்போது முதலில் அவர்கள் கண்ணில் படுகிறார்கள். வாய்க்காலில் சாயக்கழிவை விடுபவர் கண்ணில் படுவதில்லை. பெரும்பள்ளம் ஓடையோரத்திலும் சரி, காலிங்கராயன் கரையிலும் சரி, கோவையில் நடந்தது திரும்ப நடக்கக் கூடாது. தவிர்க்கவே முடியாமல் இடம் மாற்ற வேண்டியிருந்தால், அதே பகுதியில், வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில், பட்டாவோடு வீடு தந்த பிறகே ஒரு செங்கல்லைக்கூட அகற்ற வேண்டும்.

2019 டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுவர் இடிந்து நம் மக்கள் 17 பேர் உறக்கத்திலேயே இறந்ததைக் கொங்கு நாடு மறந்துவிடக் கூடாது. நம் பக்கம் சுவரும் அவர்கள் பக்கம் பூங்காவும் என்ற பழைய வழக்கம், பசுமைப் பாதை என்ற புதுப் பெயரில் வந்துவிடக் கூடாது.

எந்த வழியில் போடலாம்?

காலிங்கராயன் வாய்க்கால் பவானி அணைக்கட்டில் தொடங்கி, ஈரோட்டைத் தொட்டு, கொடுமுடி அருகே நொய்யல் வரை சுமார் 90 கிலோமீட்டர் ஓடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அந்த வாய்க்காலில் இன்று ஈரோட்டுப் பகுதியில் சாய, தோல் கழிவு கலக்கிறது. கழிவைத் தனியே பிரிக்கப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் வெட்டியும் சிக்கல் தீரவில்லை. நுரை மிதக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் போடும் பாதைக்குப் பசுமை என்று பெயர் வைக்க முடியாது. ஆகவே முதல் வேலை தண்ணீரைச் சுத்தமாக்குவது. ஓடையைத் தூர்வாருகிறோம் என்று நம் மக்களை வெறுங்கையோடு சாக்கடையில் இறக்காமல், இயந்திரத்தால் அதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, பவானிசாகரில் தொடங்கும் கீழ்பவானி வாய்க்கால். சுமார் 200 கிலோமீட்டர் நீளம். அதன் கரைவழியில் இப்போதே மக்கள் சைக்கிளிலும் வண்டியிலும் போகிறார்கள். கான்கிரீட் வேண்டாம் என்று விவசாயிகளில் ஒரு பகுதியினர் போராடிய வாய்க்கால் அது. எனவே கரை மரங்களை வெட்டாமல், மண்ணை மூடாமல், கிராவல் தடமும் சோலார் விளக்கும் போதும்.

மூன்றாவது, ஈரோட்டில் இருந்து வெள்ளோடு. அங்குள்ள பறவைகள் சரணாலயம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வாரம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளர்களும், ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்க வருவோரும் ஒரே தடத்தில் போகலாம்.

நான்காவது, நம் மனதுக்கு நெருக்கமானது. தீரன் சின்னமலையின் ஓடாநிலையும், அவரோடு நின்று வெள்ளையரை எதிர்த்த மாவீரன் பொல்லானின் நினைவைத் தாங்கும் ஜெயராமபுரமும் அறச்சலூர் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அந்த இரண்டு இடங்களையும் ஒரு சைக்கிள் பாதை இணைக்கட்டும். இருவரையும் ஒரே பாதையில் சந்திக்கும் பள்ளிப் பிள்ளை, பாடப்புத்தகம் சொல்லாத ஒன்றைக் கற்றுக்கொள்ளும்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைகள் வாழும் புறநகர்ப் பகுதி வழியாக 'எல் போர்வெனிர்' என்ற சுமார் 17 கிலோமீட்டர் பாதையை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டுமாகப் போட்டார்கள். கார் போகும் தெருக்கள் இன்னும் சேறாகக் கிடந்தபோதே அந்தப் பாதைக்கு நல்ல தளம் கிடைத்தது. கார் இல்லாதவருக்கு முதலிடம் என்று அந்த நகராட்சி முடிவு செய்ததன் விளைவு அது.

பிகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகள் சேர்வது சுமார் 30 சதவீதம் உயர்ந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள், கூலி வேலைக்குப் போன பெண்கள் எனப் பல்லாயிரம் பேர் ஏறி ஓட்டினார்கள். கேலி செய்தவர்கள் ஓய்ந்தார்கள், ஓட்டியவர்கள் ஓயவில்லை.

பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. சீர்மிகு நகரத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஆனால், ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக ஐந்து ஆண்டில் ஆயிரம் கோடி ரூபாய் என்று 2023-ல் அறிவிக்கப்பட்ட அயோத்திதாசர் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. பட்டியல் சமூகத்துக்கான நிதி அவர்களுக்கே செலவாக வேண்டும் என்று 2024-ல் சட்டமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: நம் பெயரில் நிதி எடுத்து, நம் குடியிருப்பைத் தொடாத பாதைக்குச் செலவிட்டால் அது இன்னொரு மோசடி.

நாம் கேட்பது

ஒன்று, எந்தப் பசுமைப் பாதையும் ஏதேனும் ஒரு பட்டியல் சமூகக் குடியிருப்பில் தொடங்கி, பள்ளியையோ வேலையிடத்தையோ மருத்துவமனையையோ தொட வேண்டும். இரண்டு, பாதைக்காக ஒரு குடும்பமும் விரட்டப்படக் கூடாது. மூன்று, பாதைக்குக் கேட், கட்டணம், நேரக் கட்டுப்பாடு கூடாது. புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிளும் தண்ணீர்க் குடம் கட்டிய சைக்கிளும் தடையின்றிப் போக வேண்டும். நான்கு, விளக்கும் பெண்களுக்குக் கழிப்பறையும் பாதையோடு சேர்ந்தே வர வேண்டும். ஐந்து, பாதையில் யாரையாவது சாதி சொல்லித் தடுத்தால் வன்கொடுமைச் சட்டம் பாயும் என்ற பலகை இரு முனையிலும் நிற்க வேண்டும். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டத்தில் இது ஒரு பொருளாக இடம்பெற வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். வண்டிப்பாதை எங்கெல்லாம் கோடாக இருக்கிறது, இன்று எங்கெல்லாம் காணாமல் போயிருக்கிறது என்று சைக்கிளில் போய்க் குறித்து வாருங்கள். அடுத்த கிராம சபையில் அந்தக் குறிப்போடு எழுந்து நின்று, இட்டேரியை மீட்டுச் சைக்கிள் தடம் போட வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். தடுப்பவர் இருந்தால் 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். நல்லது. பெயர்ப்பலகை மாறிய இடத்துக்குப் போகும் வழியும் மாற வேண்டும். நம் தாத்தா இறங்கித் தள்ளிப்போன அதே ஊர் வழியாக, நம் பேத்தி மணி அடித்துக்கொண்டு மிதித்துப் போக வேண்டும். அதற்கான பாதையை மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் நம் வாசலில் இருந்து அளக்கத் தொடங்கட்டும்.